அப்பாவின் நாடகத்துக்குச் சித்தி வரைந்த வானம்

போன மாதம் சென்னையில் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். எழுதுகிறவர்கள், ஆடுகிறவர்கள், நடிக்கிறவர்கள் என்று எங்கள் வயதுக்காரர்களாகப் பார்த்துப் பொறுக்கி மேடையில் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். கனவு, கலை, வாழ்க்கை என்று தலைப்பு. மூன்றையும் ஒரே மாலையில் முடித்துவிட்டு டிபன் சாப்பிடப் போக வேண்டும். ஒரு நாவலாசிரியர் தலையணைக்குப் பக்கத்தில் பேனாவை வைத்துக்கொண்டுதான் தூங்குவாராம். ஒரு நடனமணிக்குப் புது அசைவுகள் எல்லாம் கனவில்தான் வருமாம். நடிகை என்று உட்கார்ந்திருந்த என் முறை வந்ததும், எனக்குக் கனவே வருவதில்லை, முழங்கால் வலிக்கு மாத்திரை போட்டால் அடித்துப் போட்ட மாதிரி தூக்கம் வருகிறது என்றேன். கை தட்டினார்கள். கூட்டத்திலிருந்து ஒரு பெண் எழுந்து, உங்கள் குடும்பத்தில் கலைஞர்கள் யாராவது உண்டா என்று கேட்டாள். இல்லை, அப்பா விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்சாலைத் தொழிலாளி என்றேன். அதற்கும் கை தட்டினார்கள்.

சொன்னதில் பொய் இல்லை, ஆனால் பதில் பாதிதான். என்னோடு சேர்ந்து கிழடாகிக்கொண்டிருக்கும் நீங்கள்தான் மீதியைப் பொறுமையாகக் கேட்பீர்கள் என்று இதை எழுதுகிறேன். இளசுகளுக்கு நேரம் கிடையாது. நமக்கு அது ஒன்றுதான் கொட்டிக் கிடக்கிறது.

அறுபதுகளின் கடைசி. நான் மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ. ஜங்ஷனுக்கு அந்தப் பக்கம், தொழிற்சாலைச் சுவரை ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் அப்பா, அம்மா, சித்தி, நான், தொட்டிலில் தம்பி. வெள்ளைக் களிமண் தூசி எல்லாவற்றின் மேலும் படிந்திருக்கும். காயப்போட்ட கறுப்புப் பாவாடை சாயங்காலம் எடுக்கும்போது சாம்பல் நிறத்தில் இருக்கும். ரயில்வே குடியிருப்புப் பிள்ளைகள் எங்களை மாவு மூட்டை என்பார்கள். அப்போது கரி வண்டிதானே ஓடியது, நாங்கள் அவர்களைக் கரி மூட்டை என்போம். இரண்டு தரப்புக்கும் அதில் மனக்குறை ஒன்றும் இருந்ததில்லை.

அப்பாவுக்கு வார்ப்புப் பகுதியில் வேலை. களிமண்ணைக் கூழாகக் கரைத்து அச்சுக்குள் ஊற்றுவார்கள். அச்சு அந்தக் கூழிலிருக்கும் தண்ணீரை மெல்ல மெல்லக் குடிக்கும். சுற்றிலும் வேண்டிய கனத்துக்கு மண் பிடித்ததும் மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட வேண்டும். உள்ளே ஜாடியோ பொம்மையோ வெறும் கூடாக நிற்கும். ஊற்றுவதற்கும் கவிழ்ப்பதற்கும் நடுவே செய்வதற்கு ஒன்றுமில்லை. மற்றவர்கள் பீடி பிடிப்பார்கள், அப்பா வசனம் சொல்லுவார்.

எழுதமாட்டார், சொல்லத்தான் செய்வார். கையெல்லாம் களிமண்ணாக இருக்கும்போது காகிதத்தை எங்கே தொடுவது. பக்கத்து மேசைக்காரர் அதைக் கேட்டுத் திருப்பிச் சொல்லுவார். மறுநாளும் அவருக்கு நினைவிருந்தால் அந்த வசனம் நாடகத்தில் சேர்ந்துவிடும். அவர் மறந்ததை அப்பாவும் விட்டுவிடுவார். அப்பாவின் காட்சி எதுவும் ஓர் ஊறுகாய் ஜாடி பிடிக்கும் நேரத்துக்கு மேல் போகாது. நவராத்திரி நெருங்கினால் சின்னச் சின்னக் கொலுப் பொம்மைகளாக வார்க்க வேண்டியிருக்கும், அவை சீக்கிரம் பிடித்துவிடும். அதனாலேயே நான் சொல்லப்போகிற நாடகத்தின் கடைசிக் காட்சிகளில் யாரும் இரண்டு வரிக்கு மேல் பேசமாட்டார்கள். மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, போகப் போக நல்ல விறுவிறுப்பு என்று பாராட்டினார்.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்து முடிகிறவரைக்கும் சும்மா இருப்பானேன் என்று அதே தொழிற்சாலையில் சாயக் கொட்டகையில் சேர்ந்திருந்தாள். சுடாத பொம்மைகளுக்குக் கண், உதடு, புடவைக் கரை எல்லாம் தீட்ட வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் புருவம் போடுவாள். அவள் வரைந்த புருவத்தைப் பார்த்தால் பொம்மைக்கே கொஞ்சம் கர்வம் வந்த மாதிரி இருக்கும்.

அந்தக் கொட்டகையில் எந்த நிறமும் அதன் நிறத்தில் இருக்காது. பச்சையாகப் போவது கறுப்புப் பொடியாக இருக்கும். நீலமாகப் போவது கத்தரிப்பூ நிறத்தில், அதிலும் கொஞ்சம் வெளுத்து, ரோஸ் கலந்த மாதிரி இருக்கும். சூளைக்குள் போய் வெந்து வந்த பிறகுதான் கிளி பச்சையாகும், கண்ணன் நீலமாவான். ஆனால் அங்கே யாரும் கறுப்பு, கத்தரிப்பூ என்று பேசிக் கேட்டதில்லை. "அந்த நீலத்த எடு" என்பாள் சித்தி. நானும் எட்டி எடுத்துக் கொடுப்பேன். சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுபோய்க் கொண்டுபோய் என் கண்ணும் பழகியிருந்தது. தோட்டத்தில் பார்த்தால் அது கத்தரிப்பூ நிறம், கொட்டகைக்குள் நுழைந்தால் அதே நிறம் நீலம். இதில் யோசிக்க ஒன்றும் இருப்பதாக எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

அந்த வருஷம் ஆடி மாதம் மணிமுத்தாற்றுக்குப் பக்கத்துத் திடலில் ஒரு நாடகக் கம்பெனி கொட்டகை போட்டது. தீபாவளி வரைக்கும் இங்கே ஆட்டம், அதன் பிறகு அடுத்த ஊர். அதன் முதலாளியை எங்கள் மேனேஜர் ஆயுத பூஜைக்கு அழைத்திருந்தார். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் தொழிலாளிகள் நாடகம் போடுவது வழக்கம், போடுகிறவர் அப்பா. அவரை முதலாளிக்கு அறிமுகம் செய்து வைத்தபோது அந்த மனிதர் வெற்றிலையை மென்றுகொண்டே, "எங்க வசனகர்த்தா சொல்லாமக் கொள்ளாமப் பூட்டாரு. பாக்கறேன். நல்ல கையா இருந்தா தீபாவளி முடிஞ்சு எங்ககூடவே கூட்டிக்கிட்டுப் போயிடுவேன்" என்றாராம்.

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது அப்பாவுக்கு. அவர் அதற்கு முன்னாலும் பின்னாலும் தனக்கென்று எதையும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. நல்ல சட்டை வேண்டும், நல்ல சாப்பாடு வேண்டும் என்று கேட்கிற ஆள் இல்லை. இதை மட்டும் அவர் விரும்பியது எங்கள் வீட்டுச் சுவருக்குக்கூடத் தெரியும். தூங்கினால் கனவு. விடியற்காலை அம்மா அடுப்பைப் பற்றவைக்கும்போது பக்கத்தில் குந்திக்கொண்டு அதைச் சொல்லுவார். பெரிய கொட்டகை, திரை விலகுகிறது, ஜனம் மூச்சு விடாமல் கேட்கிறது.

"அந்தக் கனவுல நாங்க எங்க இருக்கறோம்?" என்பாள் அம்மா.

அப்பா யோசிப்பார். "மொத வரிசையில இருப்பீங்க."

"இருப்போமா, இருந்தோமா?"

"வெளக்கு வெளிச்சத்துல மூஞ்சி சரியா தெரியல."

அம்மா ஊதுகுழலை எடுத்து அடுப்பை ஊத ஆரம்பிப்பாள். அதற்கு மேல் அந்தக் கனவுக்கு வீட்டில் இடம் இல்லை என்று அர்த்தம்.

அவள் பயத்தில் நியாயம் இருந்தது. அப்பா கிளம்பினால் தொழிற்சாலை வேலை போகும், வேலை போனால் வீடும் போகும். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கொட்டகைக்குப் பின்னால் அலைய வேண்டும், இல்லையென்றால் சேத்தியாத்தோப்பில் மாமா வீட்டில் போய் ஓர் ஓரமாக ஒண்டிக்கொள்ள வேண்டும். "அரசன நம்பிப் புருசனக் கைவுட்ட கதையா ஆயிடப் போவுது" என்று மனைவியே புருஷனைப் பார்த்துச் சொல்கிற வேடிக்கை எங்கள் வீட்டில் நடந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார்மேலாவது குறை இருந்தால் கொளஞ்சியப்பர் கோயிலில் போய்ப் பிராது கட்டிவிட்டு வருவார்கள், முருகன் விசாரித்துத் தீர்ப்புக் கொடுப்பான் என்று நம்பிக்கை. நாடகக் கம்பெனிமேல் பிராது கட்டப்போவதாக அம்மா மிரட்டினாள்.

"கட்டு. ரெண்டு பொண்டாட்டிக்காரன், அவனுக்கும் நாடகம்னா புடிக்கும்" என்றார் அப்பா.

சித்தி சிரித்துவிட்டு அக்காவின் முறைப்பை வாங்கிக்கொண்டாள். அப்பா என்ன நாடகம் போடப்போகிறார் என்று அம்மா கேட்கவே இல்லை. அவர் வீட்டில் வசனம் சொல்லிப் பார்க்க ஆரம்பித்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்க் குழாய்க்குப் போய்விடுவாள்.

நாடகம் ஒரு பரிசல்காரனைப் பற்றியது. ஆறு வறண்டுபோன ஊர். எல்லோரும் பிழைப்பைத் தேடி வெளியூர் போய்விடுகிறார்கள். இவன் மட்டும் பரிசலை மணலில் வைத்துக்கொண்டு தண்ணீருக்காகக் காத்திருக்கிறான். வானம் ஒரு பொட்டு மேகம் இல்லாமல் நீலமாகவே இருக்கிறது. நாடகம் முழுக்க அவன் சண்டை போடுவது அந்த நீலத்தோடுதான். பரிசல்காரன் அப்பா. ஊர்ப் பண்ணையார் சூளை மேஸ்திரி. தனக்கு ஒரு சிலம்பச் சண்டையாவது வேண்டும் என்று அவர் அடம் பிடித்ததால், வறண்ட ஆற்றில் காரணமில்லாமல் ஒரு சிலம்பச் சண்டையும் உண்டு. பரிசல்காரனின் மகள் நான். எனக்கு ஒரே ஒரு வசனம். "மழ வருமாப்பா?" என்று கேட்க வேண்டும். அந்த ஒன்றை நான் கிணற்றடியிலும் பள்ளிக்கூடத்திலும் தூக்கத்திலும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வானம் வரைய வேண்டியவள் சித்தி. மூட்டைத் துணிகளைப் பிரித்து, துவைத்து, ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து, மேடையின் அகலத்துக்கு ஒரு திரை தயார் செய்தார்கள். பொம்மை காயவைக்கும் கொட்டகையில் தரையோடு தரையாக அதை விரித்தார்கள். மேஸ்திரி, பீப்பாய்களின் அடியில் மிஞ்சிப்போன சாயத்தை வழித்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். கோந்து கலந்து, தென்னம்பாளையை நசுக்கிச் செய்த மட்டையால் சித்தி பூசினாள். புருவம் போடுகிற கைக்கு அவ்வளவு பெரிய இடம் கிடைத்தது அதுதான் முதல் தடவை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, துணிமேல் மண்டியிட்டு, பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து பூசினாள். ஓரத்தில் அடர்த்தியாக, நடுவில் வெயில் நிற்கும் இடத்தில் லேசாக. கோந்தும் ஈரத்துணியும் கலந்த புளித்த வாசனை இப்போதும் எனக்கு மூக்கில் வரும். பல நாடக மேடைகளுக்குப் பின்னால் அதே வாசனையை முகர்ந்திருக்கிறேன்.

வார்ப்புப் பகுதிக்காரர்கள், சூளைக்காரர்கள், பொம்மைகளை வைக்கோல் வைத்துக் கட்டும் பெண்கள், எல்லோரும் வந்து பார்த்தார்கள். "என்னா நீலம், கண்ணு கூசுது" என்றார் மேஸ்திரி. அப்பா நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "இவன்கிட்டதான் நான் சண்ட போடணும். நல்ல ஆளுதான்" என்றார். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்த அம்மாகூட, "அப்படியே சித்திர மாசத்து வானம்" என்று சொல்லிவிட்டு, பாராட்டிவிட்டோமே என்ற எரிச்சலில் உடனே திரும்பிப் போனாள்.

ஆயுத பூஜை வந்தது. களிமண் கரைக்கும் இயந்திரத்துக்குச் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. சூளை வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். எல்லோருக்கும் பொரியும் பொட்டுக்கடலையும் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்கள். சாயங்கால ஷிப்டுக்குச் சூளைக்காரர்கள் போக வேண்டும் என்பதால் நாடகம் வெயில் சாய்கிற நேரத்திலேயே தொடங்கி, விளக்கு வைப்பதற்குள் முடிந்தாக வேண்டும். முற்றத்தில் இடது பக்கம் எங்கள் தொழிற்சாலை ஜனம். வலது பக்கம் ரயில்வே குடியிருப்பு, கடைத்தெருக்காரர்கள், மேனேஜரின் விருந்தாளிகள். நடுவில் நாற்காலியில் நாடகக் கம்பெனி முதலாளி, மடியில் வெற்றிலைப் பெட்டி.

திரை விலகியது. மேற்கு வெயில் நேராகச் சித்தியின் வானத்தில் விழுந்தது. எங்கள் பக்கத்தில் கைதட்டல். வலது பக்கத்தில் ஒரு சலசலப்பு, அவ்வளவுதான். அப்பா பரிசலுக்கு முன்னால் நின்றார். நான் மணலில் உட்கார்ந்து என் ஒரு வசனத்தைப் பல்லுக்குள் பிடித்து வைத்திருந்தேன். அவர் கையை மேலே தூக்கி முதல் வசனத்தைச் சொன்னார்:

"இப்படி நீலமா நின்னுக்கிட்டிருந்தா நாங்க எப்படிப் பொழைக்கறது?"

வலது பக்கம் சிரித்தது. ஒருவர் இருவர் இல்லை, அந்தப் பக்கம் முழுவதும். எங்கள் பக்கத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நடுவில் கோடு கிழித்த மாதிரி ஒரு பாதி சிரிப்பும் ஒரு பாதி திகைப்புமாக அந்தக் கூட்டம் உட்கார்ந்திருந்ததை மேடையிலிருந்து பார்த்தவர்கள் நாங்கள் இருவர்தான். வேட்டி அவிழ்ந்துவிட்டதோ என்று அப்பா இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். அடுத்த வசனமும் நீலத்தைப் பற்றித்தான், சிரிப்பு இன்னும் கூடியது. அப்பா மெதுவாகத் திரும்பி வானத்தைப் பார்த்தார்.

அப்படியே நின்றார். பார்த்துவிட்டார் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சாயத்தை அவர் வெளியாள் கண்ணால் பார்த்தது அப்போதுதான். என் பக்கம் திரும்பினார். முகம் வெளிறியிருந்தது. நான் பயந்துபோய், எனக்கு இன்னும் நேரம் வராத வசனத்தைச் சொல்லிவிட்டேன். "மழ வருமாப்பா?" அப்பா என்னைப் பார்த்தார். பிறகு, "தெரியலம்மா" என்றார். அது நாடகத்தில் இல்லாத வசனம். வலது பக்கத்தில்கூடச் சிரிப்பு நின்றது. அதற்குப் பிறகு அவர் கடைசி வரைக்கும் நடித்தார். நீலம் என்று வரும்போதெல்லாம் முதுகு கொஞ்சம் விறைக்கும், அவ்வளவுதான்.

சித்தி இரண்டு பக்கமும் சேரும் இடத்தில் பெண்கள் நடுவில் உட்கார்ந்திருந்தாள். ரயில்வே கார்டு வீட்டு அம்மா அவளிடமே குனிந்து, "வானத்துக்குப் போயி ஏன் கத்தரிப்பூ கலர் அடிச்சிருக்கறாங்க?" என்று கேட்டார்களாம். சித்தி நிமிர்ந்து பார்த்திருக்கிறாள். அவள் கண்ணுக்கு முன்னாலேயே அது நீலமாக இருந்து கத்தரிப்பூவாக மாறியது என்று பின்னால் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அப்போதே எழுந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிட்டாள்.

நாடகம் முடிந்ததும் முதலாளி மேடைக்கே ஏறி வந்தார். அப்பாவைச் சுற்றி மேஸ்திரியும் வார்ப்புப் பகுதிக்காரர்களும் நின்றார்கள். அதற்குள் அவர்களுக்கும் விஷயம் தெரிந்துவிட்டிருந்தது. தலையைத் தொங்கப் போட்டிருந்தார்கள். அம்மா தம்பியோடு ஏறி வந்து எனக்குப் பக்கத்தில் நின்றாள். முதலாளி அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"இத்தினி வருசமா கொட்டகை நடத்தறேன், இந்த மாதிரி ஒரு யோசனையப் பாத்ததில்ல" என்றார். "அந்தாளு நீலம் நீலம்னு கெஞ்சறான். வானம் பூ மாதிரி சிரிச்சுக்கிட்டு நிக்குது. அவன் கண்ணு வேற, ஊரு கண்ணு வேறன்னு ஒரு வார்த்த பேசாம காட்டிட்டீங்க. மொதல்ல நானும் சிரிச்சேன். அந்தக் கொழந்த கேட்டுச்சு பாருங்க, அப்பறம் எனக்குச் சிரிப்பு வரல. இத யோசிச்ச ஆளு என்கிட்ட இருக்கணும். தீபாவளி கழிச்சுக் கெளம்பறோம். வந்துடுங்க."

மேஸ்திரி அப்பாவுக்குக் கண் காட்டினார். வாயை மூடு, தலையை ஆட்டு என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. பக்கத்து மேசைக்காரர் பின்னாலிருந்து அப்பாவின் சட்டையை இழுத்தார். அந்தக் கூட்டத்தில் அத்தனை பேருக்கும் உண்மை தெரியும், ஒருவர்கூடக் காட்டிக்கொடுத்திருக்க மாட்டார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் முதலாளியைப் பார்க்கவில்லை, அப்பாவையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா கையை விடுவித்துக்கொண்டார். "இல்லீங்க. அப்படி யோசிச்செல்லாம் பண்ணல. அது நீலங்க" என்றார்.

"எது?"

"அந்த வானம். எங்களுக்கு அது நீலம். சூளையில வெந்து வந்தா நீலமாயிடும். பழக்க தோசத்துல அந்தச் சாயத்தையே பூசிட்டோம். நீங்கள்லாம் சிரிச்சப்பறம்தான் எனக்கே தெரிஞ்சுது."

முதலாளி வானத்தைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "துணியக் கொண்டும்போயி எப்படிய்யா சூளையில வெப்பீங்க?"

"அதாங்க தப்பு."

அந்த மனிதர் முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. ஏதோ வாங்க வந்து, அது விற்பனைக்கு இல்லை என்று தெரிந்த மாதிரி கொஞ்சம் அசடு வழிந்தது. போக இருந்தவரை அப்பாதான் நிறுத்தினார். "நாடகம்?" என்று கேட்டார். அந்த ஒரு சொல்லை அவர் கேட்ட விதம் எனக்கு மறக்காது. ஒரு பெரிய மனிதரைப் பார்த்து இப்படிக் கேட்கிறோமே என்ற கூச்சமும் கேட்காமல் விட முடியாத தவிப்பும் அதில் இருந்தன.

"நாடகம் பரவால்ல" என்றார் முதலாளி. "எழுதிக்கிட்டே இருங்க." வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கி, மேனேஜரிடம் சொல்லிக்கொண்டு, குதிரை வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

நாங்கள் சுவரோரமாகவே வீட்டுக்கு நடந்தோம். அரிதாரம் கலைக்காத முகத்தோடு அப்பா, தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மா, பொரிப் பொட்டலத்தோடு நான். அம்மா நினைத்தது நடந்துவிட்டது. வேலையும் வீடும் தப்பித்தன, பிராதுகூடக் கட்ட வேண்டியிருக்கவில்லை. அவள் சந்தோஷப்படுவாள் என்றுதான் நினைத்தேன்.

"வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா என்னா கொறஞ்சு பூடும்?" என்றாள் அம்மா.

அப்பா சுவரைப் பார்த்தபடி நடந்தார்.

"அத்தன பேரும் சும்மாதான நின்னாங்க? நீங்க மட்டும் என்னா பெரிய அரிச்சந்திரன்?"

"நாளைக்கு அடுத்த நாடகத்துக்கும் இந்த மாதிரி ஒண்ணு கேப்பாரு. நான் எங்கேந்து கொண்டாருவேன்?" என்றார் அப்பா.

"கேக்கட்டுமே. அப்பப் பாத்துக்கறது."

"நீதான போவக் கூடாதுன்னு சொன்ன?"

அம்மா நின்றுவிட்டாள். "சொன்னேன். இப்பவும் சொல்றேன். நீங்களா வேணாம்னு சொல்லியிருக்கணும். இல்லன்னா அந்தாளு உங்களத் தலையில தூக்கி வெச்சுக்கிட்டுப் போயிருக்கணும். ரெண்டும் இல்லாம, இப்படி நிக்க வெச்சுக் கேக்கவுட்டுட்டுப் போறான்." தம்பியை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டு வேகமாக முன்னால் நடந்தாள். அவள் அந்த நாடகத்தை முழுவதும் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நண்பர்களே, அதற்குப் பிறகு நான் எத்தனையோ நாடகங்களில் நடித்துவிட்டேன். பேர் பெற்றவர்கள் எழுதிய வசனங்களைப் பேசியிருக்கிறேன். உண்மையைச் சொன்னால் அப்பாவின் நாடகம் பரவாயில்லை ரகம்தான். நடுவில் தொய்வு இருந்தது. அந்தச் சிலம்பச் சண்டையை எந்தக் கோர்ட்டிலும் நியாயப்படுத்த முடியாது. முதலாளி பொய் சொல்லவில்லை. ஆனால் தன் தொழிலில் அவ்வளவு தேர்ந்தவர் ஒன்றைப் பார்க்கத் தவறிவிட்டார். அவருக்குச் சிரிப்பு நின்றுபோன அந்த இடத்தில், அச்சம் முழுவதும் முகத்தில் இருக்க, மகளைப் பார்த்து "தெரியலம்மா" என்று சொன்ன மனிதர் வானத்தை யோசித்தவர் இல்லைதான். அந்தச் சொல் அவருடையது. அதற்காகவே அவரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். கனவைப் பற்றியும் கலையைப் பற்றியும் யார் கேட்டாலும் எனக்குச் சொல்ல இருப்பது இது ஒன்றுதான். அன்றைக்குச் சென்னையில் ஏன் சொல்லவில்லை என்றால், டிபன் ஆறிப்போய்விடும்.

வீட்டுக்கு வந்தபோது சித்தி விளக்கு ஏற்றாமல் அடுப்படி மூலையில் உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. முதலாளி மேடைக்கு வந்ததோ பேசியதோ அவளுக்குத் தெரியாது. அப்பாவின் வாழ்க்கையைத் தான்தான் பாழாக்கிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், நிமிர்ந்து முகத்தைப் பார்க்கவில்லை.

"மாமா, அந்தக் கம்பெனிக்காரரு கூப்புட்டாரா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா" என்றார் அப்பா.

"என்னாலதான மாமா?"

"உன்னால இல்ல."

"நாடகத்தப் பத்தி என்னா சொன்னாரு?"

அப்பா வாயைத் திறந்தார். அதற்குள் அம்மா தம்பியைத் தொட்டிலில் போட்டுவிட்டு, சிம்னி விளக்கை எடுத்துத் துடைத்தபடியே பதில் சொல்லிவிட்டாள்.

"ரொம்ப நல்லா இருக்குதுன்னு சொன்னாரு. இந்த மாதிரி எழுதற கையப் பாத்ததில்லன்னாரு. ஆளு சேத்துக்கறதுக்குத்தான் இப்ப தோதுப்படலயாம். நான் பக்கத்துலதான நின்னேன், என் காதாலயே கேட்டேன்."

சித்தி அப்பாவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கொஞ்ச நேரத்துக்கு முன்னால், கையில் வந்து விழுந்த கனவை, இது என்னுடையது இல்லை என்று அத்தனை பேர் முன்னிலையில் திருப்பிக் கொடுத்த மனிதர். அவர் அம்மாவை நீண்ட நேரம் பார்த்தார். விளக்கு ஏற்றும் சாக்கில் அம்மா நிமிரவே இல்லை.

"ஆமா, சொன்னாரு" என்றார் அப்பா. பிறகு முகம் கழுவப் போனார்.